ரப்பர் அழித்த இடம்: அட்லாண்டா பள்ளிகளின் மதிப்பெண் வழக்கு

நீட் எழுதியவர்களுக்குத் தெரியும், ஓ.எம்.ஆர். தாளில் பால்பாயின்ட் பேனாவால் ஒரு வட்டத்தை நிரப்பிவிட்டால் அதோடு முடிந்தது. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சி.ஆர்.சி.டி. என்று ஒரு தேர்வு இருந்தது. பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுதோறும் வசந்த காலத்தில் எழுதுவார்கள். அது பென்சில் தேர்வு. மனம் மாறினால் ரப்பரால் அழித்துவிட்டு வேறு வட்டத்தை நிரப்பலாம். என்னதான் அழுத்தித் தேய்த்தாலும் பழைய வட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை மிஞ்சும். விடைத்தாளைத் திருத்தும் ஸ்கேனருக்கு அந்தக் கறையும் தெரியும், புதிதாக நிரப்பிய கறுப்பு வட்டமும் தெரியும். முதலில் குறித்தது தவறு, மாற்றிக் குறித்தது சரி என்ற இடங்களை மட்டும் தனியாக எண்ணிவிடலாம்.

2009-ல் நடந்த தேர்வின் தாள்களில் மாநில அரசு இந்தக் கணக்கை எடுத்தது. ஒரு வகுப்பில் தவறிலிருந்து சரிக்கு மாறிய விடைகள் மாநிலச் சராசரியைவிட மூன்று திட்டவிலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதன் அளவு) மேலே போனால் அந்த வகுப்பைக் குறித்துவைப்பது என்று முடிவு. தற்செயலாக அப்படி நடப்பது ஆயிரம் வகுப்புக்கு ஒன்றோ இரண்டோதான். முடிவு 2010 பிப்ரவரியில் வெளியானது. மாநிலம் முழுக்க 191 பள்ளிகள் சந்தேகப் பட்டியலில் வந்தன. அதில் 58 பள்ளிகள் அட்லாண்டா என்ற ஒரே கல்வி மாவட்டத்தைச் சேர்ந்தவை. அங்கே சில வகுப்புகள் இருபது திட்டவிலக்கத்தையும் தாண்டி நின்றன. ஒரு வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் முதலில் தப்பாகவே குறித்து, பிறகு ஞானம் வந்தது போலச் சரியானதையே தேடிப் பிடித்து மாற்றியிருந்தால்தான் அப்படி ஒரு எண் வரும்.

இங்கே நமக்கு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 நினைவுக்கு வரும். 2019-ல் ராமேஸ்வரம், கீழக்கரை மையங்களில் மறையும் மையை வைத்து நடந்த கூத்தில் 99 பேருக்கு வாழ்நாள் தடை விதித்தார்கள். அங்கே மோசடியின் பலன் தேர்வு எழுதியவருக்குப் போனது. அட்லாண்டாவில் தேர்வு எழுதிய பிள்ளைக்கு விஷயமே தெரியாது. விடையை மாற்றியவர்கள் பாடம் நடத்திய ஆசிரியர்களும் அவர்களுடைய முதல்வர்களும்.

எண்ணால் ஆண்ட 12 ஆண்டுகள்

அட்லாண்டா கல்வி மாவட்டத்தில் அப்போது சுமார் 50,000 பிள்ளைகள் படித்தார்கள். பெரும்பாலோர் கறுப்பினத்தவர், ஏழை வீட்டுப் பிள்ளைகள். 1999-ல் பெவர்லி ஹால் மாவட்டத்தின் சூப்பரின்டென்டென்டாக வந்தார். நம்மூர் மாவட்டக் கல்வி அலுவலரைப் போல மேலிடம் மாற்றல் போட்டு அனுப்பும் பதவி இல்லை இது. கல்வி வாரியம் ஒப்பந்தம் போட்டு, ஒரு கம்பெனிக்குத் தலைமை நிர்வாகியை அமர்த்துவது போல அமர்த்தும். ஹால் ஜமைக்காவில் பிறந்தவர், அதற்கு முன் நியூஜெர்சியின் நியூவார்க் நகரப் பள்ளிகளை நடத்தியவர். வந்ததும் ஒவ்வொரு பள்ளிக்கும் ஓர் இலக்கு வைத்தார். மூன்று ஆண்டுக்குள் எட்டாவிட்டால் முதல்வர் போகவேண்டியதுதான். அவருடைய காலத்தில் முதல்வர்களில் 90 சதவீதம் பேர் மாற்றப்பட்டார்கள்.

2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட ‘நோ சைல்ட் லெஃப்ட் பிஹைண்ட்’ சட்டம் இதற்கு மேல் வந்து உட்கார்ந்தது. மூன்று முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு. 2014-க்குள் நாட்டின் எல்லாப் பிள்ளைகளும், ஆம், நூற்றுக்கு நூறு பேரும், தகுதி நிலையை எட்டியிருக்க வேண்டும். தொடர்ந்து எட்டாத பள்ளிக்கு ‘மேம்பாடு தேவை’ என்ற முத்திரை விழும். அப்புறம் பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போகலாம், முதல்வரையும் ஆசிரியர்களையும் மாற்றலாம், பள்ளியையே கலைத்துக் கட்டலாம்.

சட்டத்தை அடியோடு கெட்டது என்று சொல்ல எனக்கு மனமில்லை. அதற்கு முன்பு, ஒரு மாவட்டத்தின் சராசரி நன்றாக இருந்தால் அதற்குள் கறுப்பினப் பிள்ளைகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளும் எந்த நிலையில் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு பிரிவின் மதிப்பெண்ணையும் தனித்தனியாக வெளியே வை என்று கேட்டது இந்தச் சட்டம்தான். அதன் கோளாறு நாள்காட்டியில் இருந்தது. இன்ன தேதிக்குள் நூறு சதவீதம் என்று சொல்லிவிட்டால் நூறு சதவீதம் வந்துவிடும், எப்படி வந்தது என்றுதான் தெரியாது. இதை நாம் வெளியூர்க் கதையாகக் கேட்க முடியாது. நான் படித்த பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் நாலைந்து பேரின் பெற்றோரைக் கூப்பிட்டு டி.சி.யைக் கையில் கொடுத்தார்கள். “பையன் தனித்தேர்வராக எழுதிக்கொள்ளட்டும் சார், அவனுக்கும் நல்லது.” அடுத்த ஆண்டு வாசலில் பத்தாம் வகுப்பு 100 சதவீதத் தேர்ச்சி என்று பேனர். அதிலும் ஒரு ரப்பர் வேலை செய்திருக்கிறது. விடையை விட்டுவிட்டு ஆளையே அழித்தது.

பொய்க்கு வட்டி

அட்லாண்டாவின் இலக்குகள் எப்படி வேலை செய்தன என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். இந்த ஆண்டு பள்ளி எடுத்த மதிப்பெண்ணை அடியாக வைத்து, அதற்கு மேலே அடுத்த ஆண்டின் இலக்கை நிர்ணயிப்பார்கள். பார்க்க நியாயமான ஏற்பாடு. ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வகுப்பில், யாரோ பத்து விடைகளை மாற்றினார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டின் இலக்கு அந்தப் பொய்யின் தலையில் ஏறி நிற்கும். அதை எட்ட மறுபடி மாற்றவேண்டும், இம்முறை இன்னும் அதிகமாக. கந்துவட்டி போல. அசலை அடைக்கவே முடியாது.

மாற்றாத ஆசிரியரையும் இது விடவில்லை. நான்காம் வகுப்பு ஆசிரியையிடம் மூன்றாம் வகுப்பிலிருந்து ‘சிறப்பாகத் தேர்ச்சி’ என்ற சீட்டோடு ஒரு பிள்ளை வருகிறாள். அவளுக்கு வாசிக்க வரவில்லை. ஆசிரியை உண்மையாகச் சொல்லிக்கொடுத்து, அவள் உண்மையாகவே முன்னேறினாலும் ஆண்டு முடிவில் மதிப்பெண் போன ஆண்டைவிடக் கீழேதான் இருக்கும். கெடுத்தவள் இவள் என்று கணக்கு சொல்லும். நேர்மையாக இருப்பதற்கு இந்த ஏற்பாட்டில் அபராதம் இருந்தது.

இலக்கில் 70 சதவீதத்தை எட்டிய பள்ளியின் ஊழியர்களுக்குத் தலைக்கு 2,000 டாலர் வரை ஊக்கத்தொகை. ஆண்டு தொடக்கத்தில் ஜார்ஜியா டோம் என்ற விளையாட்டரங்கில் எல்லாரையும் கூட்டுவார்கள். எட்டிய பள்ளிகளுக்கு மேடைக்கு அருகே தரையில் நாற்காலி. எட்டாதவர்களுக்கு மேலே கேலரி. யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எல்லாரும் பார்ப்பார்கள். கல்யாண வீட்டில் எந்தப் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்பதை வருஷக்கணக்கில் பேசும் நமக்கு இதை விளக்க வேண்டாம். ஒரு தொடக்கப் பள்ளியில், பிள்ளைகளின் மதிப்பெண் குறைவு என்பதற்காக ஓர் ஆசிரியையை, சக ஆசிரியர்கள் பார்க்க, கூட்டத்தில் மேசைக்கடியில் தவழ்ந்து போகச் சொல்லியிருக்கிறார் முதல்வர். இது வதந்தி இல்லை, பின்னாளில் மாநில விசாரணை அறிக்கையில் பதிவான சம்பவம்.

ஊக்கத்தொகைக்கு ஆசைப்பட்டுத்தான் ஆசிரியர்கள் மாற்றினார்கள் என்று அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் திரும்பத் திரும்பச் சொன்னது. மேலே இருந்தவர்களுக்கு அது பொருந்தலாம். வகுப்பறையில் இருந்தவர்களை ஆட்டியது மேசைக்கடி பயம் என்றுதான் எனக்குப் படுகிறது.

பார்க்ஸ் பள்ளி

பார்க்ஸ் நடுநிலைப்பள்ளி இருந்தது நகரத்தின் தெற்கே பிட்ஸ்பர்க் என்ற வறிய பகுதியில். 2005-ல் புதிய முதல்வர் வந்தார். 2006 தேர்வில் எட்டாம் வகுப்பில் கணக்கில் தகுதி பெற்றவர்கள் 24 சதவீதத்திலிருந்து 86-க்கு ஏறினார்கள், வாசிப்பில் 35-லிருந்து 78-க்கு. ஒரே ஆண்டில். பாடம் நடத்திய யாராவது இந்த எண்ணை நம்புவார்களா? நம்பினார்கள். கொண்டாடினார்கள். வெளியூரிலிருந்து பார்க்க வந்தார்கள்.

நடந்தது இது. வினாத்தாள் கட்டு பிளாஸ்டிக் உறை சுற்றி ஒட்டி வரும். ஒரு கணக்கு ஆசிரியர் சவரப் பிளேடால் உறையைக் கீறி, தாளை எடுத்து நகலெடுத்துவிட்டு, கீறிய இடத்தை சிகரெட் லைட்டரால் இளக்கி மறுபடி ஒட்டிவைத்தார். தேர்வு முடிந்த பிறகு விடைத்தாள்கள் பூட்டிய அறையில் இருக்கும், சாவி தேர்வுப் பொறுப்பாளரிடம். அவர் கறாரான ஆள், யாரையும் உள்ளே விடமாட்டார். அதனால் முதல்வரே அவரை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே அழைத்துப்போவார். அவர் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் ஆசிரியர்கள் அறைக்குள் புகுந்து விடைகளை மாற்றி முடித்திருப்பார்கள். தாளில் உள்ள ‘தேவையற்ற பென்சில் கோடுகளை’ அழிக்கிறோம் என்பது இந்த மாவட்டத்தில் பல பள்ளிகளில் சொல்லப்பட்ட சாக்கு.

ஹாலுக்கு இது தெரியாதா? பார்க்ஸ் பற்றிப் புகார் போனது. மாவட்டமே வெளியிலிருந்து ஒரு விசாரணையாளரை அமர்த்தியது. அங்கே எழுதும் திறனைச் சோதிக்கும் தேர்வில் முறைகேடு நடந்திருக்கிறது என்று அவர் 2006-ல் ஹாலிடமே சொன்னார். முதல்வர் அதே நாற்காலியில் தொடர்ந்தார். 2009-ல் ஹால் ஆண்டின் சிறந்த தேசிய சூப்பரின்டென்டென்டாகத் தேர்வானார்.

மதிப்பெண் ஏறியதால் பார்க்ஸ் பள்ளியின் ‘மேம்பாடு தேவை’ முத்திரை போனது. முத்திரையோடு வந்துகொண்டிருந்த மாநில, மத்திய உதவித் தொகையும் போனது. சுமார் 7,50,000 டாலர். பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தனிப் பயிற்சி தர வந்திருக்கவேண்டிய பணம், அவர்கள் பின்தங்கவில்லை என்று தாளில் காட்டியதால் நின்றுபோனது.

வேறொரு பள்ளிப் பிள்ளையின் தாய் பட்ட அனுபவம், 2013-ல் வழக்குத் தொடுத்த நாளில் வெளியே வந்தது. மூன்றாம் வகுப்பில் படித்த மகள், பள்ளி இடையில் வைத்த வாசிப்புத் தேர்வில் மிக மோசமான மதிப்பெண் வாங்கியிருந்தாள். ஆண்டிறுதி மாநிலத் தேர்வில் பிரமாதமாகத் தேறினாள். தாய்க்குச் சந்தேகம். பள்ளியில் கேட்டார், மேலே போய் ஹாலிடமும் கேட்டார். சில பிள்ளைகள் தேர்வு என்றால் நன்றாக எழுதிவிடுவார்கள் என்கிற மாதிரி ஒரு பதில் கிடைத்தது. தேறிவிட்டதால் தனிப் பயிற்சி கிடையாது. அந்தப் பெண் ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது ஐந்தாம் வகுப்பு அளவுக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தாள். மகளுக்கு வாசிக்க வரவில்லை என்று வாதாடவேண்டிய இடத்துக்கு ஒரு தாயைத் தள்ளியது இந்த ஏற்பாடு.

கறையைத் தொடர்ந்தவர்கள்

முதலில் சந்தேகத்தை எழுப்பியது ‘அட்லாண்டா ஜர்னல்-கான்ஸ்டிடியூஷன்’ நாளிதழ். 2008 கடைசியில் தொடங்கி, நம்ப முடியாத ஏற்றங்களைக் கணக்குப் போட்டு வெளியிட்டது. மாநிலத்தின் ரப்பர் கணக்கு வந்தபிறகு மாவட்டமும் ஒரு குழு அமைத்தது. குழுவில் நகரத்து வணிகப் பிரமுகர்களின் கை ஓங்கியிருந்தது. ஏதோ 12 பள்ளிகளில்தான் பெரிய கோளாறு என்று அது முடித்தது. முன்னேறும் பள்ளிகள் என்ற பெயர் நகரத்துக்கு முதலீட்டைக் கொண்டுவரும், அதைக் கெடுத்துக்கொள்ள யாருக்கு ஆசை?

ஆளுநர் சோனி பெர்டூ அந்த அறிக்கையை ஏற்கவில்லை. முன்னாள் அட்டர்னி ஜெனரல் மைக்கேல் பவர்ஸ், முன்னாள் அரசு வழக்கறிஞர் ராபர்ட் வில்சன், புலனாய்வாளர் ரிச்சர்ட் ஹைட் ஆகியோரை நியமித்தார். மாநிலப் புலனாய்வுத் துறையினர் பள்ளிகளுக்குள் போனார்கள். ஹைட் ஒரு மூன்றாம் வகுப்பு ஆசிரியையை மெல்ல வழிக்குக் கொண்டுவந்தார். அந்தப் பள்ளியில் விடை மாற்ற நம்பிக்கையான ஒரு சிறு குழு இருந்தது, தங்களைத் ‘தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள்’ என்று சொல்லிக்கொண்டார்கள். கைரேகை படாதிருக்க அங்கே கையுறை மாட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த ஆசிரியை எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டதோடு, உடையில் ஒலிப்பதிவுக் கருவியை மறைத்துக்கொண்டு சக ஊழியர்களோடு பேசப் போனார். இன்னொரு பள்ளிக்காரர்கள் வார விடுமுறையில் ஓர் ஆசிரியரின் வீட்டில் கூடி, விருந்து மாதிரி உட்கார்ந்து மாற்றினார்கள்.

2011 ஜூலை 5 அன்று அறிக்கை வெளியானது. ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44-ல் முறைகேடு. 178 பேர் மீது குற்றச்சாட்டு, அதில் 38 பேர் முதல்வர்கள், 82 பேர் ஒப்புக்கொண்டவர்கள். அந்த அறிக்கையில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது மீதி 12 பள்ளிகளை. அதே சட்டம், அதே ஹால், அதே அரங்கம், அதே கேலரி. அங்கே முறைகேடு கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே ‘ஏற்பாடுதான் எங்களைச் செய்யவைத்தது’ என்ற வாதத்தை முழுதாக ஏற்க என்னால் முடியவில்லை.

தண்டனை யாருக்கு

2013 மார்ச்சில் ஹால் உட்பட 35 பேர் மீது குற்றப்பத்திரிகை வந்தது. சட்டம், மாஃபியாக்களைப் பிடிக்க அமெரிக்காவில் பிறந்த ‘ரிக்கோ’வின் ஜார்ஜியா வடிவம். கொள்ளைக் கும்பல் போல ஒரு பள்ளி நிர்வாகத்தை நிறுத்தலாமா என்று கேட்டவர்கள் பலர். குற்றம் சாட்டப்பட்டவர்களில் அநேகமாக எல்லாரும் கறுப்பினத்தவர்கள் என்பதும் பேச்சானது. வழக்கை நடத்திய வழக்கறிஞர்களில் முன்னணியில் நின்றவர் ஃபானி வில்லிஸ். 2023-ல் இதே சட்டத்தை டொனால்ட் டிரம்ப் மீது பாய்ச்சியவர் அவர்தான்.

21 பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டு விலகினார்கள். 12 பேர் விசாரணையை எதிர்கொண்டார்கள். ஹால் கடைசிவரை தனக்கு எதுவும் தெரியாது என்றார். மார்பகப் புற்றுநோயால் 2015 மார்ச் 2 அன்று, தீர்ப்புக்கு ஒரு மாதம் முன்பு இறந்தார். ஏப்ரல் 1 அன்று 12 பேரில் 11 பேர் குற்றவாளிகள் என்று ஜூரி சொன்னது. வட்டார இயக்குநர்கள் மூவருக்கு நீதிபதி ஜெரி பாக்ஸ்டர் 20 ஆண்டு விதித்தார், அதில் 7 ஆண்டு சிறை. இரண்டு வாரம் கழித்து, தன் மனசுக்கே அது ஒப்பவில்லை என்று, அவரே மூன்று ஆண்டு சிறையாகக் குறைத்தார்.

பெரிய திட்டம் போட்டவர்கள் யாரும் அந்தக் கூண்டில் இல்லை. 2014-க்குள் நூறு சதவீதம் என்று வாஷிங்டனில் எழுதியவர்களை யாரும் கேட்கவில்லை. பொறுப்பேற்பு என்ற சொல் அந்தச் சட்டத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருந்தது. அது கீழ்நோக்கி மட்டுமே ஓடியது.

இன்னொரு எண்ணையும் இங்கே வைக்கவேண்டும், அது ஹாலுக்கு ஆதரவானது. என்.ஏ.இ.பி. என்ற தேசியத் தேர்வை அமெரிக்காவில் சில பிள்ளைகளை மாதிரியாக எடுத்து நடத்துகிறார்கள். எந்தப் பள்ளி, எந்த ஆசிரியர் என்று அதில் எண் வராது. ஊக்கத்தொகையும் இல்லை, கேலரியும் இல்லை, அதனால் அதில் ரப்பர் எடுக்க யாருக்கும் காரணமில்லை. அந்தத் தேர்வின் வாசிப்புப் பகுதியிலும் 2002 முதல் 2009 வரை அட்லாண்டா ஏறியிருந்தது. மெதுவாக, ஆனால் நிஜமாக. எனக்கு இந்த வழக்கிலேயே அதிகம் வலித்த இடம் இதுதான். அந்தப் பள்ளிகளில் எங்கேயோ யாரோ உண்மையாகப் பாடம் நடத்தி, பிள்ளைகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கற்றிருக்கிறார்கள். அந்த வேகத்துக்கு ஜார்ஜியா டோமின் தரையில் நாற்காலி இல்லை.

2015 டிசம்பரில் ஒபாமா புதிய சட்டத்தில் கையெழுத்திட்டார். 2014 கெடுவும் நூறு சதவீதமும் போயின. தண்டனைகளைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் மாநிலங்களிடம் போனது. ஆண்டுத் தேர்வு மட்டும் அப்படியே இருக்கிறது. அதையும் எடுத்துவிட்டால் பழைய இருட்டுக்கே போய்விடுவோம் என்று சிவில் உரிமை அமைப்புகளே வாதாடின. அதில் நியாயம் இருக்கிறது.

பிள்ளைகள் இழந்தது என்ன என்று அட்லாண்டா கல்வி மாவட்டம் ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தைக் கொண்டு ஆராயவைத்தது. 2015-ல் முடிவு வந்தது. விடை மாற்றப்பட்ட பிள்ளைகள் வாசிப்பிலும் ஆங்கிலத்திலும் பின்தங்கியிருந்தார்கள். கணக்கில் அவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகு, மாவட்டப் பள்ளிகளில் இன்னும் மிச்சமிருந்த அந்தப் பிள்ளைகளுக்காக ‘டார்கெட் 2021’ என்ற உதவித் திட்டம் வந்தது. தனிப் பயிற்சி, ஆலோசனை, பள்ளியை முடிக்கத் துணை. 2009-ல் எட்டாம் வகுப்பில் பென்சில் பிடித்து வட்டம் நிரப்பியவர்களுக்கு அப்போது இருபது வயது ஆகியிருந்தது. பள்ளிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் இல்லை.